துறைக்குச் சொன்ன நன்றி

இலைக்கார அக்கா முதன்முதலாக என் மேசை முன்னால் வந்து நின்றபோது நான் வேலையில் சேர்ந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. ஒன்றிய அலுவலகத்தில் எனக்குத் தபால் பிரிவு. வருகிற காகிதங்களுக்கு எண் போட்டு, முத்திரை குத்தி, உரிய பிரிவுக்கு அனுப்ப வேண்டும். அக்கா இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுக் கும்பிட்டார்.

"நெம்ப நன்றிங்க தம்பி."

"எதுக்குங்க?"

"எங்கூர்ல தெருவெளக்குப் போட்டுக் குடுத்ததுக்குங்க."

ஊர்ப் பெயரைக் கேட்டுப் பதிவேட்டைப் புரட்டினேன். அந்த ஊரிலிருந்து தெருவிளக்கு கேட்டு ஒரு மனுகூட வந்திருக்கவில்லை. அதைச் சொன்னேன்.

"இன்னம் கேக்கலைங்க. இனிமேத்தான் கேக்கோணும்" என்றார், அது ஒரு சின்ன விவரம் என்பதைப்போல.

பக்கத்து மேசையில் தலைமை எழுத்தர் சிரித்துவிட்டார். "வந்துட்டாங்கப்பா நன்றிக்காரம்மா. தம்பி, பழத்தத் தொட்டுறாத. தொட்டீன்னா வெளக்குப் போட்டே ஆகோணும்."

நான் ஏற்கெனவே தொட்டிருந்தேன். விளக்கு இருபது நாளில் எரிந்தது. யார் போட்டது என்று கேட்டால் அலுவலகத்தில் ஆளாளுக்குத் தான்தான் என்றார்கள்.

அக்காவுக்கு ஐம்பதை ஒட்டிய வயது. மெலிந்த உடம்பு, பெரிய கைகள். அணைத் தேக்கத்தின் வடகரையில் வீடு. வாழைத் தோட்டங்களில் இலை அறுத்துக் கட்டி, பரிசலில் தென்கரைக்கு வந்து, அங்கிருந்து பஸ்ஸில் மேட்டுப்பாளையம் மார்க்கெட்டுக்கு இலைக்கட்டு கொண்டுபோவார். புருஷன் இல்லை. ஒரே மகள். எழுத்தில் தன் பெயரை மட்டும் போடத் தெரியும். அந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. அதை எழுதிய காகிதம் ஒன்றைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

எல்லாரும் காரியம் ஆன பிறகு நன்றி சொல்வார்கள். அவர் முன்னாலேயே சொல்லிவிடுவார். அதுவும் காரியம் நடந்தே முடிந்துவிட்டதுபோலச் சொல்வார். தென்கரை மேட்டில் எக்ஸ்பிரஸ் பஸ் நிற்காது. மேட்டுப்பாளையத்தில் ஏறியதுமே கண்டக்டரிடம், "மேட்டுல எறக்கி உட்டதுக்கு நெம்ப நன்றிங்க சாமி. நேத்து வந்த கண்டக்டரு மனசில்லாதவரு" என்பார். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்தபடியே கொஞ்ச நேரம் முழிப்பார். பிறகு மேடு வரும்போது விசில் ஊதிவிடுவார். நானே இரண்டு முறை அந்த பஸ்ஸில் இருந்து பார்த்திருக்கிறேன்.

ஊர் மாரியம்மன் கோயிலில்கூட இதுதான் வழக்கம். வேண்டுதல் நிறைவேறினால்தானே பொங்கல்? அவர் பொங்கலை வைத்துவிட்டுத்தான் வேண்டுவார். பூசாரி ஒருமுறை கோபித்துக்கொண்டாராம்.

"ஏனம்மா, தலகீழாப் பண்ணுனா எப்புடி?"

"சாப்பிட்டுப்போட்டு முடியாதுன்னு சொல்ல ஆருக்கு வாய் வருமுங்க? ஆத்தாளுக்கும் ஒரு கூச்சம் இருக்குமல்லோ."

இதை எனக்குச் சொன்னது அக்காவின் மகள். "எங்கம்மா ஆத்தாளுக்கே அட்வான்ஸ் குடுக்கறவங்க" என்றாள். அந்தப் பெண்ணின் நாக்கு நல்ல கூர்.

ஒரே ஓர் இடத்தில் அந்த நன்றி பலிக்கவில்லை. மகளுக்கு இரண்டு வயதில் போலியோ வந்து இடதுகால் சூம்பிப் போயிற்று. கோயமுத்தூரில் பெரிய டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனாராம். உள்ளே நுழைந்ததும், "எம்புள்ளைக்குக் காலச் சரி பண்ணிக் குடுத்ததுக்குக் கோடி நன்றிங்க" என்று கும்பிட்டாராம். "அந்த டாக்டரு மூஞ்சியத் திருப்பிக்கிட்டாருங்க தம்பி. நெம்ப நல்ல மனுசன். பாவம், அவரச் சங்கடப்படுத்திப்போட்டேன்" என்றார் என்னிடம். இதைச் சொல்லும்போதும் அவருக்கு டாக்டருக்காகத்தான் வருத்தம்.

மகளுக்கு இரும்புப் பட்டை வைத்த பூட்ஸ் போட்டு நடக்கத் தெரியும். கெட்டித் தரையில் நன்றாகவே நடப்பாள். பத்தாவதில் நல்ல மார்க். தென்கரையில் மேல்நிலைப் பள்ளி. பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தாள், டாக்டராக ஆசை. தென்கரை முழுக்கப் பாறை, தண்ணீர் எவ்வளவு இறங்கினாலும் பரிசல் பாறையோடு ஒட்டி நிற்கும். வடகரைதான் தகராறு. அது தட்டையான மண். அணை நிறைந்திருக்கும்போது பழைய கல்துறை வரைக்கும் தண்ணீர் வரும். தை பிறந்ததும் இறங்க ஆரம்பித்தால் துறைக்கும் தண்ணீருக்கும் நடுவே நூறு அடி, இருநூறு அடி, கோடையில் முந்நூறு அடிக்கு வண்டல் சேறு. மேலே காய்ந்து வெடித்துக் கிடக்கும், கால் வைத்தால் முழங்கால் வரை உள்ளே போகும். அதில் பூட்ஸ் போட்ட கால் இறங்கினால் திரும்ப வராது.

அதனால் மாசி, பங்குனி, சித்திரை மூன்று மாதமும் அக்கா மகளை முதுகில் சுமந்துதான் பரிசலுக்குக் கொண்டுபோவார். ஐந்து வயதில் சுமந்தது சரி. பதினேழு வயதில் இருவருக்கும் முடியவில்லை. போன கோடையில் ஒருநாள் தாயும் மகளும் சேற்றில் விழுந்தார்கள். புத்தகப் பை போயிற்று. மகள் அன்றைக்குச் சொல்லிவிட்டாள்.

"மூட்டைன்னாலும் கூலி வாங்கலாம். இனி என்னைத் தூக்காத. அடுத்த வருசம் நடந்து போக வழி இருந்தாப் பரீச்சைக்குப் போறேன். இல்லாட்டி ஊட்டுல உக்காந்து இலை தொடைக்கறேன்."

பொதுத்தேர்வு எப்போதும் மார்ச்சில்தான். அந்த மாதத்தில்தான் சேறு நீளும்.

துறையை நீட்டித் தரச்சொல்லி வடகரைக்காரர்கள் பல வருடமாக மனு கொடுத்துவந்தார்கள். நிதி இல்லை என்று பதில் போகும். அந்தப் பதில்களுக்கும் நான்தான் எண் போட்டேன். அப்போது எம்.எல்.ஏ.வுக்குத் தொகுதி நிதி என்று ஒன்று வந்திருந்தது. அதற்கு எங்கள் பக்கத்தில் போட்டி, பக்கத்து ஊர்க்காரர்களுக்கு ஒரு கலையரங்கம் வேண்டும். மேடை கட்டினால் முகப்பில் பெயர் எழுதலாம், துறையில் எதை எழுதுவது? அக்கா மகளையும் கூட்டிக்கொண்டு நேரே எம்.எல்.ஏ. வீட்டுக்குப் போனார். அங்கே கூடியிருந்த கூட்டத்துக்கு நடுவே பழத்தை நீட்டினார்.

"படகுத்துறையத் தண்ணி வரைக்கும் நீட்டிக் குடுத்ததுக்கு நெம்ப நன்றிங்கய்யா. எம்புள்ள நடந்தே பரீச்சைக்குப் போறா."

எம்.எல்.ஏ. உதவியாளர் பக்கம் திரும்பி, "எப்பய்யா குடுத்தோம்?" என்று மெதுவாகக் கேட்டாராம். அவர், "குடுத்திருப்போமுங்கய்யா" என்றாராம். கூட்டம் கை தட்டிவிட்டது. பிறகு கொடுக்காமல் இருக்க முடியவில்லை. வைகாசியில் வேலை தொடங்கியது. பழைய கல்துறையின் அடியிலிருந்து முந்நூறு அடிக்குக் கான்கிரீட் சரிவு, பத்தடி அகலம், வழுக்காமலிருக்கக் குறுக்கே வரிவரியாகக் கீறல். திட்டத்தில் அப்படித்தான் இருந்தது.

நாற்பது அடி போட்டார்கள். மலையில் மழை பிடித்து அணைக்குத் தண்ணீர் வர ஆரம்பித்தது. வேலையைப் பார்த்துக்கொண்ட ஓவர்சியர் எங்கள் அலுவலகத்துக்காரர், சாந்தமாகப் பேசுகிறவர். அக்காவிடம் சொன்னார்:

"தண்ணி ஏறிப்போச்சுங்கம்மா. மீதிய எறங்குனதும் போட்டுக்கலாம். அதுக்குள்ள ஒரு நன்றிக் காயிதம் குடுத்தீங்கன்னா மேல இருக்கறவங்களுக்கும் ஒரு உற்சாகமா இருக்கும். உங்களுக்குத் தெரியாததா?"

வேறு யாரிடம் கேட்டிருந்தாலும் யோசித்திருப்பார்கள். அக்காவுக்கு அது தன் பாஷையிலேயே ஒருவர் பேசியதுபோல இருந்திருக்கிறது. நேரே என்னிடம் வந்தார்.

"கண்ணு, நல்லா எழுதிக் குடு. மொத்தத் தொறைக்கும் சேத்து எழுது. பாதிக்கு நன்றி சொன்னாப் பாதிதான் வரும்."

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா கணபதியில் ஒரு பட்டறையில் இரும்பு உருக்கினார். யாராவது எழுதிக் கொடு என்று கேட்டால் எனக்குத் தலைகால் புரியாது. 'வடகரைப் பொதுமக்கள் சார்பாக' என்று ஆரம்பித்து, தண்ணீரின் விளிம்பு வரைக்கும் அமைந்த முந்நூறு அடித் துறையைப் பற்றியும், இனிச் சேற்றில் கால்படாமல் செல்லும் மாணவ மாணவியரைப் பற்றியும் ஒரு பக்கம் எழுதினேன். படித்துக் காட்டியபோது அக்காவின் கண் கலங்கியது. தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக வரைந்தார். நான் எண் போட்டேன், முத்திரை குத்தினேன், கோப்பில் சேர்த்தேன்.

ஐப்பசியில் மேலதிகாரி ஒருவர் வேலையைப் பார்வையிட வந்தார். கோப்பைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். அணை நிறைந்து தளும்பிக்கொண்டிருந்தது. பழைய கல்துறைக்குக் கீழே புதிய கான்கிரீட் ஒரு முழம் தெரிந்தது, பிறகு தண்ணீர்.

"கீழ எவ்வளவு தூரம் போகுது?" என்றார் அதிகாரி.

"முந்நூறு அடிங்க சார். மீதியெல்லாம் தண்ணிக்குள்ள இருக்குது" என்றார் ஓவர்சியர்.

அதிகாரி தண்ணீரைப் பார்த்தார். நீலமாக, அழகாக இருந்தது. கோப்பைப் புரட்டி என் கையெழுத்தில் இருந்த காகிதத்தைப் படித்தார். "ஜனங்களே சந்தோசமா எழுதியிருக்காங்களே" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

பரிசல்காரர் அப்போது என் பக்கத்தில் பரிசலை ஒட்டி நிறுத்தியிருந்தார். மூங்கில் கோலைத் தண்ணீருக்குள் விட்டுக் காட்டினார். டொக்கென்று கான்கிரீட் சத்தம். கரையிலிருந்து ஐம்பதடி தள்ளிப் போய் மறுபடியும் விட்டார். சத்தமே இல்லை. கோல் அமிழ்ந்துகொண்டே போயிற்று.

"தம்பி, என்ற கோலுக்குப் படிக்கத் தெரியாதுங்க" என்றார்.

எனக்குப் புரிந்தது. வேலை முடிந்ததாகக் கோப்பு மூடப்பட்டால் மீதி ஒருநாளும் வராது என்பதும் தெரியும். அலுவலகத்துக்குத் திரும்பும் ஜீப்பில் ஓவர்சியர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை. நான் கண்ணால் பார்க்கவில்லையே, கோல் சொன்னதுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அக்கா மார்கழி வரைக்கும் வாரம் ஒருமுறை அலுவலகம் வந்தார். "தண்ணி எறங்கட்டும், அப்புறம் பாரு கண்ணு" என்று என்னையே தேற்றுவதுபோலச் சொல்லிவிட்டுப் போவார். நான் தலையை ஆட்டினேன்.

தை கடைசியில் தண்ணீர் நாற்பது அடியைத் தாண்டி இறங்கியது. கான்கிரீட் கத்தியால் வெட்டியதுபோல முடிந்து, அதற்கப்பால் பழைய சேறு. யாரும் வேலைக்கு வரவில்லை. அக்கா அலுவலகத்துக்கு வந்தார். ஓவர்சியர் மேசையில் பழத்தை வைத்தார்.

"மீதித் தொறையப் போட்டுக் குடுத்ததுக்கு நன்றி சொல்லிப்போட்டுப் போலாமுன்னு வந்தேனுங்க."

"அதுதான் ஏற்கெனவே சொல்லிட்டீங்களேம்மா" என்றார் ஓவர்சியர், அதே சாந்தத்தோடு. "முந்நூறு அடிக்கும் சேத்துச் சொல்லிட்டீங்க. காயிதம் உள்ள இருக்குது. வேலை முடிஞ்சுபோச்சு. இனி புதுசா நிதி வந்தாத்தான்."

தலைமை எழுத்தர் வழக்கம்போலச் சிரிக்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டார். அக்கா என் பக்கம் வந்தார்.

"கண்ணு, அந்தக் காயிதத்த ஒருக்காப் படி."

எடுத்துப் படித்தேன். தண்ணீரின் விளிம்பு என்ற இடம் வந்தபோது என் குரல் இறங்கியது. முடித்ததும் நான் சொன்னேன்: "அக்கா, பரிசல்காரரு ஐப்பசிலயே எனக்குக் கோல் உட்டுக் காட்டுனாருங்க. எனக்குத் தெரியும். நான் சொல்லலைங்க."

அவர் என்னைத் திட்டவில்லை. டாக்டரைப் பற்றிச் சொன்னபோது இருந்த அந்த முகம்தான். எனக்காகச் சங்கடப்பட்டார். அதுதான் தாங்கவில்லை.

"செரி, எழுது" என்றார்.

"என்னன்னுங்க?"

"என்ற நன்றியத் திருப்பி வாங்கிக்கறேன்னு எழுது."

ஓவர்சியர் தன் மேசையிலிருந்தே கேட்டார். "ஏம்மா, நன்றிய வாபஸ் வாங்கறதுக்கெல்லாம் எங்கம்மா வழி இருக்குது?"

"குடுக்கறதுக்கு வழி இருந்துச்சல்லங்க? அதே வழில வாங்கிக்கறேன்."

எழுதினேன். இந்தத் தடவை அலங்காரம் எதுவும் வரவில்லை. நாற்பது அடிதான் இருக்கிறது, இருநூற்று அறுபது அடி இல்லை, இல்லாததற்குச் சொன்ன நன்றியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். நான்கு வரி. இரண்டு காகிதத்திலும் ஒரே கையெழுத்து என்று யார் பார்த்தாலும் தெரியும், அது தெரிந்தேதான் எழுதினேன். அக்கா தன் பெயரை வரைந்தார். முந்தின தடவையைவிடச் சீக்கிரமாக வரைந்தார். நான் எண் போட்டு முத்திரை குத்தியதும் ஓவர்சியர் எழுந்து என் மேசைக்கு வந்தார்.

"தம்பி, அத மேல அனுப்பாத. நான் பண்ணித் தாரேன்."

"எண் போட்டாச்சுங்க சார்."

போகும்போது அக்கா ஓவர்சியர் மேசையில் இருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்துச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டார். அவர் கொடுத்ததைத் திரும்ப எடுத்து யாரும் பார்த்ததில்லை.

காகிதம் மேலே போனது. எனக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது, பதில் எழுதினேன். அதெல்லாம் மெதுவாக நடந்தவை. சேற்றில் வேகமாக நடந்தது வேறு. விசாரணைக்கு ஆள் வந்து டேப்பைப் பிடிக்குமுன்னே அங்கே ஏதாவது இருக்க வேண்டும் என்று ஓவர்சியருக்குப் பட்டிருக்க வேண்டும். தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது டிராக்டரில் குண்டுக்கல்லும் கிராவலும் வந்து இறங்கின. கான்கிரீட் முடிந்த இடத்திலிருந்து தண்ணீர் வரைக்கும் நான்கடி அகலத்துக்குக் கல்லை அடுக்கி, மேலே கிராவல் கொட்டி மிதித்தார்கள்.

முதல் பரீட்சையன்று காலையில் நானும் போயிருந்தேன். ஓவர்சியரும் வந்திருந்தார். அந்தப் பெண் பூட்ஸை ஒவ்வொரு கல்லாக வைத்து, இரண்டு இடத்தில் தடுமாறி, யார் கையையும் பிடிக்காமல் பரிசல் வரைக்கும் போய்ச் சேர்ந்தாள். பரிசல்காரர், "வாங்க டாக்டரம்மா" என்றார். "பரிசல ஆட்டாம ஓட்டுங்க, படிச்சதெல்லாம் கொட்டிப்போகும்" என்றாள் அவள்.

அக்கா இலைக்கட்டோடு பின்னால் வந்தார். ஓவர்சியர் கொஞ்சம் முன்னால் வந்து நின்றார். அவர் எதற்காகக் காத்திருக்கிறார் என்று எங்கள் எல்லாருக்கும் தெரிந்தது.

"என்னம்மா, திருப்திதானே?"

"இன்னிக்குத் தண்ணி இங்க நிக்குதுங்க" என்றார் அக்கா. "இன்னம் ஏழு பரீச்சை இருக்குது. தண்ணி நமக்காவ நிக்காதுங்களே."

அக்கா கும்பிடவே இல்லை. பரிசலில் ஏறிப் போய்விட்டார். ஓவர்சியர் அந்த இடத்திலேயே நின்று டிராக்டர்காரரைக் கூப்பிட்டு அனுப்பினார். அதன் பிறகு ஒவ்வொரு பரீட்சைக்கும் முந்தின நாள் ஒரு நடை கல் இறங்கியது. தண்ணீர் இறங்க இறங்கப் பாதையும் இறங்கியது.

இடையில் அக்கா அலுவலகத்துக்கு வரவில்லை. மேட்டில் பஸ்ஸை நிறுத்தினார்களா என்றுகூட எனக்குத் தெரியாது. யாரோ அவருடைய கையிலிருந்து எதையோ பிடுங்கியதுபோலவும், அதற்கு நானும் ஒரு பக்கம் பிடித்ததுபோலவும் எனக்கு உறுத்திக்கொண்டிருந்தது.

கடைசிப் பரீட்சை உயிரியல். ஓவர்சியர் வரவில்லை. நான் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போயிருந்தேன். பாதை தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பெண் ஏழு பரீட்சையில் அந்தக் கற்களை மனப்பாடம் செய்திருந்தாள், நிமிர்ந்தே நடந்தாள். பரிசலில் ஏறிக்கொண்டு, பின்னாலேயே கால் வைக்கப் போன தாயை நிறுத்தினாள்.

"நீ எதுக்கு? இன்னிக்கு இலை இல்லையல்ல. நான் போயிட்டு வாரேன்."

அக்கா காலைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டார். பரிசல் ஒரு சுற்றுச் சுற்றி நேராகித் தென்கரைப் பாறையை நோக்கிப் போயிற்று. துறையில் இலைக்கட்டும் மகளும் இல்லாமல் அவரை நான் பார்த்ததே அன்றைக்குத்தான். பெரிய கைகள் என்ன செய்வதென்று தெரியாமல் தொங்கின. பரிசல் பாறையில் ஒட்டியது. அந்தப் பெண் இறங்குவது பொட்டுப்போலத் தெரிந்தது. அக்காவின் கைகள் மெல்லக் கிட்டே வந்தன. ஒன்றோடொன்று சேருமுன்னே நிறுத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இப்பச் சொல்லலாமா கண்ணு?"

"திரும்பி வரோணுமுங்களே அக்கா."

"அதுவும் செரிதான்" என்று சிரித்துவிட்டு, தண்ணீருக்குப் பக்கத்தில் இருந்த கடைசிக் கல்லைக் காலால் ஒருமுறை அசைத்துப் பார்த்து, அது அசையாததால் அதன்மேலேயே உட்கார்ந்தார்.